கசியிழையமும் கரைவலையும்: மூட்டுகளின் பேணல் பற்றிய ஒரு விளக்கம்

முழங்கால் வலியுடன் மருத்துவரை நாடும் நடுவயதினருட் பலர் ஒரே சொல்லைக் கேட்டுத் திரும்புகின்றனர். ‘தேய்மானம்’ என்பதே அச்சொல். வண்டிச் சில்லிலிருந்தும் அச்சாணியிலிருந்தும் செருப்பின் அடியிலிருந்தும் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்த சொல் இது. தேய்ந்த பொருளுக்கு இரண்டே வழிகள் உள்ளன: ஒன்றில் அதனைக் குறைவாகப் பயன்படுத்த வேண்டும், அன்றேல் மாற்ற வேண்டும். எழுதுவினைஞர் ஒருவர் முதல் வழியைக் கைக்கொள்ளலாம். வசதி படைத்தோர் இரண்டாவதையும் நாடலாம். முழங்காலையே முதலாகக் கொண்டு உழைப்பவருக்கோ இரண்டும் எட்டாதவை. அவர் அச்சொல்லைத் தீர்ப்பாக ஏற்றுக்கொள்கின்றார். அத்தீர்ப்பு உடற்றொழிலியல் நோக்கிற் பெருமளவுக்குத் தவறானது என்பதையும், அத்தவறு உழைப்போரையே கூடுதலாகத் தாக்குகின்றது என்பதையும் காட்ட முனைகின்றது இக்கட்டுரை.

சிலாபத்துக்கும் புத்தளத்துக்கும் இடையே, கடலுக்கும் முந்தற் களப்புக்கும் நடுவே அமைந்த தமிழ்க் கிராமம் உடப்பு. திரௌபதையம்மன் கோவிலின் தீமிதிப்பு விழாவினால் அதனை அறிந்தோர் பலர். அதனினும் மேலாக, கரைவலை இழுப்போர் பாடும் அம்பாப் பாடல்களினால் அறிந்தோர் நம்போன்ற தமிழாய்வு வட்டத்தினர். அம்பாவின் சொல்லமைதி, சந்தம், தொழிலோடு அதற்குள்ள உறவு ஆகியன பற்றி நம்மிடையே கட்டுரைகள் பல எழுந்துள்ளன. பாடியவரின் குரலைக் கேட்ட அளவுக்கு அவரது முழங்காலை நாம் நோக்கியதில்லை. தொழிற்பாடலை ஆராய்வோர் தொழில் உடலில் என்ன செய்கின்றது என்பதையும் அறிந்திருத்தல் தகும். அதற்கு முதலிற் கசியிழையத்தை அறிய வேண்டும்.

சுறாவையும் திருக்கையையும் அறுத்துப் பழகிய கரையோர மக்களுக்குக் கசியிழையம் புதிய பொருளன்று. இம்மீன்களின் வன்கூடு முழுவதும் அதனாலேயே ஆனது. பாரையின் முள்ளிற் சறுக்கும் கத்தி சுறாவின் தண்டில் இறங்கிவிடும். மனிதரும் கருப்பையிற் பெரும்பாலும் கசியிழைய வன்கூட்டுடனேயே உருவாகத் தொடங்குகின்றனர். பின்னர் அது சிறிது சிறிதாக என்பாகின்றது. காதுமடல், மூக்கின் நுனி, விலாவென்புகளின் முன்முனை, மூட்டுகளில் என்புகள் சந்திக்கும் முகங்கள் ஆகியவற்றில் அது முதுமைவரை கசியிழையமாகவே எஞ்சுகின்றது. தமிழ்நாட்டில் இதனைக் குருத்தெலும்பு என்பர். முழங்காலில் இப்படலத்தின் தடிப்பு பொதுவாக 2 முதல் 4 மில்லிமீற்றர் வரையிலேயே உள்ளது. முழங்காற் சில்லின் பின்புறம் சற்றுக் கூடுதலாக இருக்கும். அதனுட் குருதிக்கலன் இல்லை, நிணநீர்க்கலன் இல்லை, நரம்பும் இல்லை. நரம்பின்மையாற் கேடு தொடங்கும்போது வலி தோன்றுவதில்லை. வலி தோன்றும் வேளையில் கேடு அண்டையிலுள்ள என்பையும் மூட்டுறையையும் பற்றியிருக்கும். குருதிக்கலன் இன்மையால் ஏனைய புண்கள் ஆறுவதுபோல அது ஆறுவதுமில்லை. 1743ஆம் ஆண்டில் இலண்டன் றோயற் கழகத்தின் முன் கட்டுரை படித்த வில்லியம் ஹன்ரர், அழிந்த மூட்டுக் கசியிழையம் மீள்வதில்லை என்பதை அன்றே எடுத்துக் காட்டினார். இன்றுவரை அவர் கூற்றை முற்றாக மறுக்கத்தக்க சிகிச்சை வாய்க்கவில்லை.

இவ்வளவு மெல்லிய, குருதி பாயாத படலம் என்ன சுமையைத் தாங்குகின்றது? 1986இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகர ஆய்வாளர் ஒரு வியத்தகு அளவீட்டை வெளியிட்டனர். வயது முதிர்ந்த பெண்மணி ஒருவரின் இடுப்பிற் பொருத்தப்பட்ட செயற்கை என்புத்தலையில் அமுக்கமானிகளை அவர்கள் பதித்திருந்தனர். அவர் கதிரையிலிருந்து எழுந்தபோது மூட்டில் ஓரிடத்திற் பதிவான அமுக்கம் ஏறத்தாழ 180 வளிமண்டலங்கள். மோட்டார் வண்டிச் சில்லின் இறப்பருக்குள் உள்ள காற்றமுக்கம் இரண்டு வளிமண்டலங்களை அண்டியது. தேய்மானம் என்ற சொல்லைத் தந்த அந்தச் சில்லைவிடத் தொண்ணூறு மடங்கு அமுக்கத்தைத் தாங்கும் இழையம் எழுபது, எண்பது ஆண்டுகள் நிலைப்பது எவ்வாறு?

விடை அதன் அமைப்பில் உள்ளது. கசியிழையத்தின் நிறையில் 65 முதல் 80 சதவீதம் வரை நீரே. எஞ்சியதிற் பெரும்பகுதி கொலாஜன் என்னும் புரத நார்கள். இந்நார்கள் மூட்டின் மேற்பரப்பில் அதற்குச் சமாந்தரமாகவும், ஆழத்தில் என்பை நோக்கிச் செங்குத்தாகவும் வளைந்து செல்லும் முறையை 1925இல் ஜேர்மனியரான பெனிங்கொஃப் விளக்கினார். நார்வலையின் இடைவெளிகளில் அக்கிரிக்கன் என்னும் பெரும் மூலக்கூறுகள் அடைபட்டுக் கிடக்கின்றன. போத்தல் கழுவும் தூரிகையை நினைவூட்டும் வடிவம் அவற்றுக்கு. நடுவே ஒரு புரதத் தண்டு. அதிலிருந்து ஏறத்தாழ நூறு வெல்லச் சங்கிலிகள் மயிர்போல் நீண்டிருக்கும். கொன்ட்ரொயிட்டின் சல்பேற்று எனப்படும் இச்சங்கிலிகள் மறையேற்றம் உடையவை. ஆதலால் அவை ஒன்றையொன்று தள்ளுகின்றன. சோடியம் முதலிய நேரேற்ற அயன்களைத் தம்பால் ஈர்க்கின்றன. அயன்களைத் தொடர்ந்து நீரும் உட்புகுகின்றது. கசியிழையத்துள் இருக்கும் நீர் நம் குருதியைவிட உப்பு மிகுந்தது, கடலைவிடக் குறைந்தது.

நீரை உறிஞ்சி விரிய முயல்கின்றது அக்கிரிக்கன். விரியவிடாது கட்டி நிறுத்துகின்றது கொலாஜன் வலை. மீன் நிறைந்த மடியை எண்ணிப் பார்ப்போம். வெறும் வலை மணலிற் போட்டால் துவண்டு கிடக்கும். மீனுக்கோ தனித்து ஒரு வடிவில் நிற்கும் ஆற்றலில்லை. மீன் உள்ளிருந்து தள்ள, வலை வெளியிலிருந்து இறுக்க, மடி திரண்டு விறைத்து நிற்கும். ஓய்வு நிலையிலேயே கசியிழையத்துள் ஒன்று முதல் இரண்டு வளிமண்டல அளவான இத்தகைய வீங்கமுக்கம் நிலவுகின்றது. சுமை திடீரென ஏறும்போது நீர் வெளியேற முயலும். ஆயினும் நார்களுக்கும் சங்கிலிகளுக்கும் இடையிலுள்ள நுண்ணிய வழிகளில் அதனால் விரைந்து செல்ல இயலாது. அகப்பட்ட நீரே தொடக்கத்திற் சுமையின் பெரும்பங்கைத் தாங்குகின்றது. திண்மப் பகுதியான நாரும் சங்கிலியும் அந்த வேளையிற் பெரிதும் தப்பிவிடுகின்றன. மேற்பரப்பில் உராய்வு பனிக்கட்டியின்மேற் பனிக்கட்டி வழுக்குவதைவிடக் குறைந்திருப்பதற்கும் இந்நீரமுக்கம் ஒரு காரணம். மற்றொரு காரணம் லூப்ரிசின் என்னும் வழுக்குப் புரதம். இப்புரதத்துக்கான பரம்பரையலகு பழுதுபட்டுப் பிறக்கும் குழந்தைகளின் மூட்டுகள் சிறு வயதிலேயே கெடுகின்றன என்பது 1999இல் அறியப்பட்டது.

ஆனால் சுமை விடாது நீடித்தால் நிலை மாறும். நீர் மெல்ல மெல்லக் கசிந்துவிடும். அப்போது திண்மப் பகுதியே சுமையை ஏற்க நேரும். சுமை நீங்கினாற்றான் நீர் மீண்டும் உட்புகும். எனவே இவ்விழையத்துக்குச் சுமையின் அளவு மட்டுமன்றி, சுமை வந்து போகும் ஒழுங்கும் முக்கியமாகின்றது.

இனிக் கலங்களுக்கு வருவோம். வளர்ந்த மனிதரின் மூட்டுக் கசியிழையத்திற் கலங்களின் பங்கு அதன் கனவளவில் ஒன்று, இரண்டு சதவீதம் மாத்திரமே. ஏனைய இழையங்களிற் கலங்கள் ஒன்றையொன்று தொட்டு வாழ்கின்றன; இங்கோ ஒவ்வொரு கலமும் தான் கட்டிய சூழலுள் தனித்துக் கிடக்கின்றது. சூழல் முழுவதும், நாரும் தூரிகையும், அக்கலங்களின் படைப்பே. ஒட்சிசன் மிகக் குறைந்த அச்சூழலுக்கு அவை இசைந்துள்ளன. பெரும்பாலும் ஒட்சிசன் வேண்டாத முறையில் வெல்லத்தை உடைத்தே சத்தி பெறுகின்றன. உணவு மூட்டுநீரிலிருந்து பரவி வரவேண்டும். சிறு மூலக்கூறுகள் தாமே பரவி உட்செல்லும். பெரிய மூலக்கூறுகளை நகர்த்த அமுக்கமும் தளர்வும் மாறிமாறி வரும் இயக்கம் துணைசெய்கின்றது. மூட்டு அசையும்போதே மூட்டுநீரும் கலக்கப்பட்டுப் புதுப்பிக்கப்படுகின்றது. குருதியோட்டத்துக்கு இதயம் செய்யும் தொழிலில் ஒரு பகுதியை இங்கே நடையே செய்கின்றது எனலாம்.

அசைவு உணவை மட்டும் தருவதில்லை, செய்தியையும் தருகின்றது. ஒவ்வொரு கலத்தையும் சுற்றி மெல்லிய தனியுறை ஒன்று உண்டு. அதன் ஆக்கம் அப்பாலுள்ள பரந்த சூழலினின்றும் வேறானது. சுமையினால் ஏற்படும் திரிபு இவ்வுறையூடாகவே கலத்தை அடைகின்றது. கலத்தின் மென்சவ்வில் அயன் வாயில்கள் உள்ளன. டி.ஆர்.பி.வி.4 என்னும் வாயில் இயல்பான நடைச்சுமைக்குத் திறந்து, ஆக்கத் தொழிலைத் தூண்டுகின்றது. பியேசோ எனப்படும் வாயில்கள் மிகையான நசிவுக்குத் திறக்கின்றன. அளவு மீறிய கல்சியம் உட்பாய்ந்து கலம் மடியவும் நேர்கின்றது. கசியிழையக் கலங்களில் இவ்விரு வகை வாயில்களின் பணியும் 2014இல் வெளியான ஆய்வுகளிற் காட்டப்பட்டது. பியேசோ வாயில்களைக் கண்டறிந்த ஆடெம் பட்டபூரியன் 2021ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். ஒரே கலம், ஒரே மூட்டு. ஆயினும் மிதமான சுமை ஆக்கத்தையும் மிகைச்சுமை அழிவையும் விளைவிக்கின்றன. ஆய்வுகூடத்தில் வைத்துப் பேணிய கசியிழையத் துண்டுகளும் இதனையே காட்டின: இடைவிடாது அழுத்தி வைத்தபோது அக்கிரிக்கன் தொகுப்புக் குறைந்தது, தாள ஒழுங்கில் அழுத்தித் தளர்த்தியபோது அது கூடியது.

இங்கு அம்பா நினைவுக்கு வராமற் போகாது. தலைவன் ஓரடி பாட, ஏனையோர் எடுத்து முடிக்க, அந்த மூச்சில் வடம் இழுபட, பின் தளர, மீண்டும் இழுபட நடைபெறும் தொழில் அது. அழுத்தமும் தளர்வுமான அவ்வொழுங்கு கசியிழையக் கலம் விரும்பும் ஒழுங்கினை ஒத்திருக்கின்றது. இதனைக் கொண்டு ‘முன்னோர் அறிவியல்’ பேசப் புகுவது எமது நோக்கமன்று. அம்பா எழுந்தது பலரின் வலுவை ஒரு கணத்தில் ஒன்றுசேர்ப்பதற்கு, முழங்காலைப் பேணுவதற்கன்று. பாடல் சுமையைப் பகிர்கின்றதே தவிரக் குறைப்பதில்லை.

‘தேய்மானம்’ என்பதில் உண்மையே இல்லையா எனக் கேட்கலாம். ஒரு பாதி உண்மை உண்டு. அதனை நிறுவிய ஆய்வு நூதனமானது. 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் நடந்த அணுக்குண்டுச் சோதனைகளினால் வளிமண்டலத்திற் கதிரியக்கக் காபனின் அளவு ஏறக்குறைய இருமடங்காகி, 1963இன் பகுதித் தடை உடன்படிக்கையின் பின் படிப்படியாகக் குறைந்தது. அக்காலத்தில் உயிரோடிருந்த ஒவ்வொருவரின் உடலிலும் அது பதிந்தது. டென்மார்க் ஆய்வாளர் 2016இல் மனித முழங்காற் கசியிழையத்தின் கொலாஜனில் இப்பதிவை வாசித்தனர். வளரும் பருவத்தில் நெய்யப்பட்ட வலை அதன் பின்னர் ஏறத்தாழப் புதுப்பிக்கப்படுவதேயில்லை என்பது தெரியவந்தது. நோயுற்ற மூட்டிலும் நிலைமை அதுவே. ஆகவே கலங்கள் வாழ்நாள் முழுதும் புதுப்பிப்பது பிரதானமாக வலையினுள் அடைபட்ட அக்கிரிக்கனையே. வலையை மீள நெய்ய அவற்றால் இயலாது. அறாமற் காக்க முடியும். நீர்செறிந்த அக்கிரிக்கன் நிறைந்திருக்கும் வரையில் வலைமீது விழும் சுமை குறைவு. அது குன்றினால் வலை அறும்.

அதனை அழிப்பது எது? வெறும் உராய்வன்று. கசியிழையக் கலங்களே அழிப்புக்கான நொதியங்களையும் சுரக்கின்றன. அடம்ஸ்-5 என்னும் நொதியம் அக்கிரிக்கனின் தண்டை வெட்டுகின்றது. இப்பரம்பரையலகை அகற்றிய எலிகளின் மூட்டுகள் கேட்டிலிருந்து பெருமளவு தப்பியதை 2005இல் இரு ஆய்வுக் குழுக்கள் காட்டின. வேறொரு நொதியம் கொலாஜன் நாரையே துண்டிக்கின்றது. நலமுற்ற மூட்டில் ஆக்கமும் அகற்றலும் ஈடாக நடைபெறுகின்றன. காயம், மூட்டுநாண் அறுதல், மிகைநிறை, மூட்டுறையின் அழற்சி, கலங்களின் முதுமை ஆகியவை இவ்வீட்டைக் குலைக்கின்றன. சிதைந்த சூழலின் துண்டுகளே கலத்தை மேலும் தூண்ட, கேடு தன்னைத்தானே வளர்க்கின்றது. சில்லு தேய்வதில் இத்தகைய நிகழ்ச்சி எதுவுமில்லை. இங்கு நிகழ்வது பேணுநரின் தொழில் திசைமாறுதல்.

இவ்வேறுபாடு நடைமுறையில் ஏன் முக்கியம்? தேயும் பொருள் ஓய்விலிருந்தாற் காக்கப்படும். கசியிழையமோ முழு ஓய்விலேயே மெலிகின்றது. பின்லாந்தின் கூப்பியோ நகர ஆய்வாளர் நாய்களின் ஒரு காலை 11 வாரங்கள் அசையாது கட்டி வைத்தபோது அதன் கசியிழையம் அக்கிரிக்கனை இழந்து மென்மையானது. கட்டவிழ்த்து நெடுநாளான பின்னும் முற்றாக மீளவில்லை. முள்ளந்தண்டு வடம் பழுதுபட்டு நடக்க இயலாதோரின் முழங்காற் கசியிழையமும் மெலிகின்றது. ஓட்டம் பழகுவோர் பற்றிய பல ஆய்வுகளை ஒருங்குசேர்த்து 2017இல் வெளியான தொகுப்பாய்வு, பொழுதுபோக்காக ஓடுவோரில் 3.5 சதவீதத்தினரிடமும், உடலுழைப்பின்றி அமர்ந்திருப்போரில் 10.2 சதவீதத்தினரிடமும், போட்டி வீரரில் 13.3 சதவீதத்தினரிடமும் முழங்கால் அல்லது இடுப்பு மூட்டழற்சி இருந்ததாகக் கண்டது. அமர்ந்திருப்போரின் உடல்நிறை முதலிய காரணிகளும் இதிற் கலந்திருக்கலாம். ஆயினும் இரு முனையிலும் கேடு, நடுவில் நலம் என்ற வடிவம் கலங்களைப் பற்றி மேலே கூறியதோடு ஒத்துப்போகின்றது.

ஓடுபவர் தம் தூரத்தைத் தாமே தீர்மானிக்கின்றார். உழைப்பவர் நிலை அதுவன்று. 1952இல் கெல்கிரன், லோறன்ஸ் ஆகிய ஆங்கில மருத்துவர் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரை ஏனைய உடலுழைப்பாளரோடும் எழுதுவினைஞரோடும் ஒப்பிட்டனர். முழங்காலில் ஊர்ந்தும் குந்தியும் வேலைசெய்த சுரங்கத் தொழிலாளரிடமே முழங்கால் மூட்டழற்சி மிகுந்திருந்தது. பின்வந்த ஆய்வுகளும் குந்துதல், முழந்தாளிடல், அவற்றோடு பாரந்தூக்குதல் ஆகியவற்றின் சேர்க்கையே முழங்காலுக்குப் பெருங்கேடு என்பதைக் காட்டின. 10 ஆண்டுகளேனும் நிலத்தடியில் உழைத்த சுரங்கத் தொழிலாளரின் முழங்கால் மூட்டழற்சியைத் தொழில்நோயாக பிரித்தானிய அரசு ஏற்றது 2009இல். எக்ஸ் கதிர்ப்படத்துக்கும் உதவிப் பணத்துக்கும் இடையே 57 ஆண்டுகள். அதற்குள் பெரும்பாலான சுரங்கங்களும் மூடப்பட்டுவிட்டன.

கரைவலைத் தொழிலை இந்நோக்கிற் பகுத்துப் பார்த்தல் பயனுடையது. தோணி அரைவட்டமாக வலை வளைத்து வர, கரையில் இரு அணியினர் இரு வடங்களைப் பற்றி, குதியை மணலில் ஊன்றிப் பின்வாங்கி நடந்து இழுக்கின்றனர். இழுப்பில் அழுத்தமும் தளர்வும் உண்டு. அதுவன்றோ பாடலுக்கு இடங்கொடுப்பது. ஆனால் தோணியைக் கரையேற்றும்போது சுமை திடீரென ஏறுகின்றது. நனைந்த வலையையும் மீன் கூடைகளையும் தோளிற் சுமந்து மணலில் நடக்கும்போது முழங்கால் முறுக்கப்படுகின்றது. வலை பொத்துதல், மீன் தெரிதல், கருவாட்டுக்கு மீன் வெட்டுதல் ஆகியவை குந்தியிருந்து நெடுநேரம் செய்யப்படுவன. பாடல் இல்லாத வேலைகள் அவை. முழங்கால் முற்றாக மடிந்த நிலையில் தளர்வின்றி நீளும் இச்சுமையே நீரைக் கசியவிடுவது. பெண்களின் பங்கு மிகுந்த கருவாட்டு வேலையும் இதனுள் அடங்கும். தொழிற்பாடல்களைத் தொகுத்தபோது நாம் கரையின் உரத்த பகுதியைக் கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டோமோ என எண்ணத் தோன்றுகின்றது.

இத்தொழிலின் ஊதியம் சம்மாட்டிக்கும் இழுப்போருக்கும் இடையிலான பங்குமுறையில் அமைவது. பாட்டுக்கு வராதவருக்குப் பங்கில்லை. முழங்கால் வீங்கிய ஒருவரிடம் ஆறு வாரம் ஓய்வெடுக்கச் சொல்வது ஆறு வாரம் பட்டினி கிடக்கச் சொல்வதாகும். 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் வேலைகொள்வோர், தொழிலாளி என்ற ஒப்பந்த உறவின் மேல் எழுந்தது. பங்காளி எனப்படுபவர் அதன் வாயிலில் நின்று தட்ட வேண்டியவரே. இலங்கைக் கரைகள் பலவற்றில் உழவு இயந்திரத்திற் பூட்டிய சுழலி கொண்டு வலை இழுக்கும் முறை பரவியபோது எழுந்த வாதம், மீன்வளம் பற்றியும் வேலையிழப்புப் பற்றியும் அமைந்தது, இரண்டும் நியாயமானவையே. இழுப்பவரின் மூட்டும் அவ்வாதத்தில் ஒரு தரப்பாக எண்ணப்பட வேண்டும்.

மருந்துக்கடையில் விற்கப்படும் குளுக்கோசமைன், கொன்ட்ரொயிட்டின் மாத்திரைகள் பற்றியும் ஒரு சொல். மேலே கூறிய வெல்லச் சங்கிலிகளையே மாட்டிலிருந்தும் சுறாவிலிருந்தும் பிரித்தெடுத்து விற்கின்றனர். விழுங்கப்பட்ட சங்கிலி முழங்காலின் வலையினுட் சென்று அமர்வதில்லை. அமெரிக்காவில் 1583 நோயாளரிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட சோதனையில் இவை போலி மாத்திரையை விடக் குறிப்பிடத்தக்க பயன் தரவில்லை. போலி மாத்திரை உண்டோரிலேயே 60 சதவீதத்தினர் வலி குறைந்ததாகக் கூறினர். சுறாவைப் பிடித்தவர் அதன் கசியிழையத்தைப் பன்மடங்கு விலையில் வாங்கி உண்பதற்கு முன் இதனை அறிந்திருக்க வேண்டும்.

பயன் கண்ட வழிகள் எளியவை. தொடையின் முன்தசை வலுவுற்றால் முழங்காலின் அதிர்வைத் தசை ஏற்கும். அதற்குரிய பயிற்சி வலியைக் குறைப்பதும் நடையை மேம்படுத்துவதும் பல சோதனைகளில் உறுதியானது. பலகையிலோ கதிரையிலோ அமர்ந்து காலை நீட்டி மடக்கும் பயிற்சிக்குக் கருவி வேண்டியதில்லை. மிகைநிறையுடையோர் ஒரு கிலோகிராம் குறைத்தால் ஒவ்வோரடியிலும் முழங்கால்மீது விழும் சுமை ஏறத்தாழ நான்கு கிலோகிராம் குறையும். வலை பொத்துவதற்கும் மீன் வெட்டுவதற்கும் ஒரு சாண் உயரமான இருக்கையேனும் இருந்தால், மடிந்த முழங்காலின் மீதான அமுக்கம் தணியும். அரைமணிக்கொருமுறை எழுந்து நடந்தால், கசிந்த நீர் மீண்டும் உட்புக அவகாசம் கிட்டும். அடிபட்டு வீங்கிய மூட்டுக்கு மட்டும் சில நாள் உண்மையான ஓய்வு தேவை. அந்நாள்களிலும் அவருக்குரிய பங்கை மடியிலிருந்து ஒதுக்குவது சம்மாட்டியும் இழுப்போரும் தமக்குள் இணங்கிச் செய்யக்கூடியதே. கிராம மட்டத்திற் பணிபுரியும் சுகாதார ஊழியர், ‘முழங்கால் தேய்ந்துவிட்டது’ என்பதற்குப் பதிலாக, ‘மூட்டிலுள்ள கலங்கள் இன்னும் வேலை செய்கின்றன, அவை வேலை செய்ய நீங்கள் நடக்க வேண்டும், குந்தியிருப்பதைக் குறைக்க வேண்டும்’ என்று கூறலாம்.